விழக் கற்றவனின் வலிமை

1877-ஆம் ஆண்டில், தோக்கியோ சர்வகலாசாலையில் புதிதாகச் சேர்ந்திருந்த மாணவர் ஒருவர், அந்நகரத்தில் எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டும் வைத்தியர்களின் வீடுகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சென்றுகொண்டிருந்தார். அவருக்கு எலும்பு ஏதும் முறிந்திருக்கவில்லை. 1868-இல் பழைய ஆட்சி மாறி, வாளேந்திய வீரர் குலத்தின் செல்வாக்கும் வருவாயும் மறைந்தபின், ஜூஜுத்ஸு என்னும் வெறுங்கைப் போர்முறையில் வல்லவராய் இருந்த பலர் அந்த வைத்தியத்தையே பிழைப்பாகக் கொண்டனர் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். ஆதலால் கட்டுக் கட்டும் கைகளைத் தேடினால் கலையறிந்த கைகள் அகப்படும் என்பது அவருடைய எண்ணம். ஐந்தடிக்குச் சற்றே மேற்பட்ட உயரமும் மெலிந்த சரீரமும் உடையவராய், படிப்பில் முன்னணியில் நின்றும் பள்ளிக்கூடத்து முரடர்களின் கைகளில் ஓயாமல் அடிபட்டு வந்த அந்த மாணவரின் பெயர் ஜிகோரோ கானோ. கோபே நகருக்கு அருகில் மிகாகே என்னும் ஊரில் 1860-இல் பிறந்த அவர், பிற்காலத்தில் ஜூடோ என்னும் கலையை வகுத்து உலகத்துக்கு அளித்தார்.

அவர் வேண்டியது பலம். தம்மினும் பெரியவனைக் கீழே தள்ளக்கூடிய பலம். இதில் நாம் குற்றம் காண வேண்டியதில்லை. அடிபட்ட சிறுவன் ஒவ்வொருவனும் முதலில் விரும்புவது அதையேதான். ஆனால் அவர் தேடிக் கண்ட ஆசிரியர் ஹச்சினோசுகே ஃபுகுடா அவருக்கு முதலில் அளித்தது வேறொன்று. ஒரு பிடியை எவ்வாறு செய்வது, கையை எங்கே வைப்பது, காலை எப்போது எடுப்பது என்று அந்த மாணவர் நுணுக்கமாகக் கேட்டபோது, ஆசிரியர் விளக்கம் ஏதும் கூறாமல் அருகே அழைத்துத் தூக்கிப் போட்டார் என்றும், எழுந்து மீண்டும் கேட்டபோது மீண்டும் போட்டார் என்றும், பலமுறை விழுந்தால்தான் விளங்கும் என்பதே அவர் போதனையின் சாரமாக இருந்தது என்றும் கானோ பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஃபுகுடா 1879-இல் காலமானார்; அடுத்த ஆசிரியர் மசாட்டோமோ இசோவும் இரண்டாண்டுகளில் மறைந்தார்; மூன்றாவதாக கிட்டோ என்னும் மரபைச் சேர்ந்த ட்சுனெடோஷி இய்குபோவிடம் அவர் பயின்றார். இந்தச் சில ஆண்டுகளில் அவருக்கு நேர்ந்த மாறுதல் அவரே எதிர்பாராதது. தாம் இளமையில் எளிதில் சினம் கொள்பவராக இருந்ததாகவும், ஜூஜுத்ஸு அப்பியாசத்தால் தேகம் திடப்பட்டதோடு மனமும் சாந்தமடைந்து, தம்மைத் தாமே அடக்கிக்கொள்ளும் சக்தி வளர்ந்ததைக் கண்டதாகவும் அவர் எழுதினார். பலத்தை வேண்டிப் போனவருக்குக் கோபம் குறைந்தது. வெறுங்கைப் போர்க்கலைகளில் உள்வலிமை என்று எதைச் சொல்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

1882-இல் தோக்கியோவின் ஷிட்டாயா பகுதியிலிருந்த எய்ஷோஜி என்னும் புத்தர் கோவிலில், பன்னிரண்டு ததாமிப் பாய்கள் விரித்த ஒரு சிறிய கூடத்தில், அவர் கொடோகான் என்னும் தம் பயிற்சிக் கழகத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டில் சேர்ந்த மாணவர் ஒன்பதின்மரே. அவர்கள் விழுந்து எழுந்த அதிர்ச்சியில் தரைப் பலகைகள் உடைந்துபோக, இருபத்திரண்டு வயது நிரம்பாத ஆசாரியர் இரவில் விளக்கோடு தரைக்கு அடியில் தவழ்ந்து சென்று அவற்றைத் தாமே செப்பனிடுவாராம். ஜூஜுத்ஸுவில் இருந்த ஆபத்தான அடிகளையும் முறிக்கும் பிடிகளையும் விளையாட்டுப் பயிற்சியிலிருந்து விலக்கிவிட்டு, இருவர் முழு மனத்தோடு மோதிக்கொண்டும் இருவரும் நலமாக வீடு திரும்பக்கூடிய ஒரு முறையை அவர் அமைத்தார். அந்த முறைக்கு அஸ்திவாரமாக வைக்கப்பட்டது விழும் வித்தை. ஜப்பானியர் அதை உகேமி என்பர்.

ஜூடோ கூடத்தில் முதல் நாள் சேரும் குழந்தையானாலும் பெரியவரானாலும், எதிராளியை வீழ்த்தும் எந்தப் பிடியையும் கற்பதற்கு முன்னால், பின்னே விழவும், பக்கவாட்டில் விழவும், முன்னே உருண்டு எழவும் கற்றாக வேண்டும். முதலில் குந்திய நிலையிலிருந்து விழுவார்கள். பிறகு நின்று விழுவார்கள். அதன்பின் பிறர் போட விழுவார்கள். முகவாயை மார்போடு சேர்த்துத் தொப்புளைப் பார்ப்பதுபோல் தலையைத் தாழ்த்திக்கொள்வது முதல் விதி. பின்மண்டை தரையில் மோதாமல் காப்பது அதுதான். முதுகை வளைத்துக்கொள்ள வேண்டும். உடல் தரையைத் தொடும் அதே கணத்தில் கையை முழுவதுமாக நீட்டி, முழங்கை முதல் உள்ளங்கை வரை பாயில் ஓங்கி அறைய வேண்டும். விழுகின்ற உடலின் வேகம் ஒரே இடத்தில், ஒரே கணத்தில் தாக்குமாயின் எலும்பு முறியும். அதே வேகம் பெரிய பரப்பில் பரவி, சற்றே நீண்ட நேரத்தில் தணியுமாயின் உடல் அதைத் தாங்கிக்கொள்ளும். தரையில் கையூன்றித் தப்பிக்க நினைப்பவனுக்கு மணிக்கட்டும் தோளெலும்பும் முறிவது, விழுவதை மறுத்ததனால் வந்த வினையே. பௌதிக சாஸ்திரம் இவ்வளவோடு நின்றுவிடுகிறது. ஆயினும் இந்த அப்பியாசத்தை மாதக்கணக்கில் தினமும் செய்தவனுடைய சித்தத்தில் நிகழ்வதையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அதன் முழு மதிப்பும் விளங்காது.

விழுந்துவிடுவோமோ என்ற பயம் மனிதனுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடும் பயங்களில் ஒன்று. அது நம்மைப் பிடித்துக்கொண்டால் மூச்சு மார்பின் மேற்பாகத்தில் சிக்கி நிற்கும்; தோள்கள் காதுகளை நோக்கி உயரும்; ஒரு மூட்டை மடக்கும் தசையும் அதை நீட்டும் தசையும் ஒருங்கே இறுகி ஒன்றை ஒன்று எதிர்க்கும். இவ்வாறு தன்னோடு தானே போரிடும் உடலில், வெளியே செலவிடப் பலம் எஞ்சுவதில்லை. முரடனைப்போல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் புதிய மாணவனை, அவனினும் இளைத்த ஒரு பழைய மாணவி சிரமமின்றிச் சாய்த்துவிடுவதைப் பயிற்சிக் கூடங்களில் காணலாம். அவனுடைய இறுக்கமே அவனை ஒரே துண்டான மரக்கட்டைபோல் ஆக்கி, ஓர் ஓரத்தைத் தொட்டால் முழுவதும் சாயும்படி செய்துவிடுகிறது. ஆயிரம் தடவை விழுந்து எழுந்தவனுக்கோ விழுவதால் இழக்கக்கூடியது ஒன்றுமில்லை என்பது புத்தியால் அறிந்த செய்தியாக இல்லாமல் முதுகும் தோளும் அறிந்த செய்தியாகிவிடுகிறது. அப்போது மூச்சு தாழ இறங்குகிறது, தோள்கள் தளர்கின்றன, கண்கள் எதிரே நிற்பவனை உள்ளபடி காண்கின்றன. என் கருத்தில், உள்வலிமை என்று பெரியோர் சொல்லிவந்ததன் வேர் இங்கேதான் இருக்கிறது. தோல்வியின் பயம் நீங்கிய இடத்தில் மிஞ்சி நிற்கும் தெளிவுக்கே அந்தப் பெயர் பொருந்தும்.

இந்தத் தெளிவைப் பெற்றபின் செய்ய வேண்டியதைக் கானோ ஒரு கணக்கின் மூலம் விளக்கினார். எதிராளிக்குப் பத்துப் பங்கு பலமும் எனக்கு ஏழு பங்கு பலமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவன் தன் முழு பலத்தோடு என்னைத் தள்ளும்போது, நானும் என் முழு பலத்தோடு எதிர்த்தால் நான் சாய்வது திண்ணம். அவ்வாறு எதிர்க்காமல், அவன் தள்ளிய அளவுக்கே நான் நிலை குலையாமல் பின்வாங்குவேனாகில், அவன் முன்னே சரிந்து தன் சமநிலையை இழக்கிறான். அந்த நிலையில் அவனிடம் பயன்படக்கூடிய பலம் மூன்று பங்குதான். நானோ என் ஏழு பங்கையும் இழக்காமல் நிற்கிறேன். அதில் பாதியைச் செலவிட்டே அவனை வீழ்த்திவிடலாம். தாழிட்டிருக்கிறது என்று எண்ணி முழு வேகத்தோடு மோதித் தள்ளிய கதவு, தாழில்லாமல் சட்டென்று திறந்துகொண்டால் உள்ளே தலைகுப்புற விழுபவனைப்போல், தன் பலத்தாலேயே அவன் விழுகிறான். எதிராளியின் சமநிலையைக் குலைக்கும் இந்தச் செயலைப் பிடிக்கு முற்பட்ட தனி அங்கமாகப் பிரித்து ஆராய்ந்ததே கானோவின் முக்கியமான கண்டுபிடிப்பு. பின்வாங்குவது எளிதென்று நினைப்பவர் ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும். தள்ளப்பட்டவுடன் திருப்பித் தள்ளுவது மனித சுபாவம். அந்த அகங்காரத்தை அரைக்கணம் நிறுத்திவைத்து, அஞ்சி ஓடாமலும் முறுகி நிற்காமலும் நகர்வதற்கு எத்தனையோ ஆண்டுப் பழக்கம் வேண்டும்.

இதன் மனத்தத்துவத்தைக் கானோவுக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தகுவான் என்னும் ஜென் துறவி ஆராய்ந்திருந்தார். 1573 முதல் 1645 வரை வாழ்ந்த அவர், வாட்போர் ஆசாரியரான யாக்யூ முனெனோரிக்கு எழுதிய நீண்ட உபதேசத்தில், போரில் ஒருவன் தோற்பது அவன் சித்தம் ஓரிடத்தில் தங்கிவிடுவதால்தான் என்று விளக்கினார். எதிரியின் வாளில் மனத்தை வைத்தால் வாள் அதைக் கவர்ந்துகொள்கிறது. வெல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் வைத்தால் அந்த எண்ணமே அதைக் கட்டிப்போட்டுவிடுகிறது. தன் உடலில் வைத்தாலும் அவ்வாறே. ஆயிரம் கைகளுடைய கண்ணோன் என்னும் கருணை மூர்த்தியை அவர் எடுத்துக்காட்டுகிறார்: வில்லேந்திய ஒரு கையிலேயே மனம் நின்றுவிடுமாயின் மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது கைகளும் பயனற்றவை, எதிலும் நில்லாததால்தான் ஆயிரமும் இயங்குகின்றன. வாளேந்தியவனுக்குச் சொன்ன இந்த உபதேசம், வெறுங்கையனுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். அவனுக்கு ஆயுதம் தன் சரீரமே ஆகையால், மனம் தடைப்பட்ட கணத்தில் அவனிடம் ஆயுதமே இல்லாமற் போகிறது.

சீன தேசத்திலும் இந்த ஆராய்ச்சி வேறொரு வழியில் நடந்தது. ஹுவாங் ட்சோங்ஷி என்னும் அறிஞர் 1669-இல் ஒரு மல்லருக்காக எழுதிய கல்லறைச் சாசனத்தில், தாக்குதலை முதன்மையாகக் கொண்ட ஷாவோலின் முறையைப் புறநெறி என்றும், அசைவை அசைவின்மையால் அடக்குவதை அகநெறி என்றும் பிரித்துக் காட்டினார். இக்காலத்தில் உலகெங்கும் முதியவர்கள் உடல்நலத்திற்காகச் செய்யும் தாய்ச்சி, அகநெறியைச் சேர்ந்ததாகக் கருதப்படுவது. அதில் இருவர் எதிரெதிரே நின்று முன்கைகளை ஒட்டவைத்து, தள்ளுபவனின் விசையைத் தோலாலேயே உணர்ந்து இடம் கொடுத்துத் திருப்பிவிடும் பயிற்சி ஒன்று உண்டு. சீனரும் ஜப்பானியரும் தொப்புளுக்குச் சில விரற்கடை கீழே உள்ள இடத்தைச் சக்தியின் இருப்பிடம் என்று கூறி, மூச்சையும் கவனத்தையும் அங்கே நிலைநிறுத்தச் சொல்வர். நிற்கும் மனிதனின் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய அந்த உயரத்திலேயே அமைந்திருப்பதால், கவனத்தை அங்கே வைத்து அசைபவன் தன் முழு எடையையும் ஒன்றாக நகர்த்தக் கற்றுக்கொள்கிறான். முன்னோர் அனுபவத்தால் கண்டது பொய்யன்று. அதை ஆதாரமாகக் கொண்டு, தொடாமலே எதிராளியை வீழ்த்துவேன், பத்தடி தூரத்திலிருந்து பிராண சக்தியைச் செலுத்துவேன் என்று கூறிக்கொள்வோர் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள்; தம் சொந்தச் சிஷ்யர்களைத் தவிர வேறெவரையும் அவர்களால் அவ்வாறு வீழ்த்த முடிந்ததில்லை. இத்தகைய பேச்சுகள் உண்மையான பயிற்சிக்கு இழைக்கும் தீங்கு பெரிது.

தமிழ் வாசகர்கள் இவ்விடத்தில் போதிதர்மரை நினைப்பார்கள். தென்னிந்தியாவிலிருந்து சென்ற அரசகுமாரர் என்று சீனத்துப் பழைய குறிப்பு ஒன்று அவரைச் சொல்கிறது. பாரசீகத்திலிருந்து வந்தவர் என்று 547-ஆம் ஆண்டை ஒட்டிய மற்றொரு குறிப்பு சொல்கிறது. அவர் போர்க்கலை கற்பித்தார் என்பதற்கோ அக்காலத்துச் சான்று இல்லை. அந்தச் செய்திக்கு மூலமாகக் காட்டப்படும் தசைமாற்று நூல், அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிற்பட்டு 1624-ஐ ஒட்டித் தோன்றியது. தியான மரபின் முதல்வராகப் போற்றப்படும் அவருடைய பெருமைக்கு இதனால் குறை ஏதும் இல்லை.

இனி ஓகினாவாத் தீவுக்குச் செல்வோம். 1868-இல் அத்தீவின் ஷூரி நகரில் பிறந்த கிச்சின் ஃபுனகோஷி, குழந்தைப் பருவத்தில் நோயாளியாக இருந்து, பள்ளிக்கூட உபாத்தியாயராக வாழ்ந்து, 1922-இல் கராத்தேயைத் தோக்கியோவில் முதன்முதலாக மக்கள் முன் நிகழ்த்திக் காட்டியவர். அப்போது அவரைக் கொடோகானுக்கு அழைத்துத் தம் மாணவர்களுக்கு முன்னால் செய்துகாட்டும்படி வேண்டிக்கொண்டவர் கானோவே. அடிப்பதற்கும் உதைப்பதற்கும் பேர்போன கலையின் ஆசாரியராக இருந்தும், கராத்தேயில் முதல் அடி என்பது கிடையாது என்பதைத் தம் விதிகளில் ஒன்றாக அவர் வைத்திருந்தார். அவருடைய சுயசரிதையில் வரும் இரண்டு நிகழ்ச்சிகள், உள்வலிமையைப் பற்றி எழுதப்பட்ட பல தத்துவ நூல்களினும் எனக்கு அதிகமாகக் கற்பித்தவை.

முதலாவது அவர் இளைஞராக இருந்த காலத்தது. மாமனார் வீட்டிலிருந்து, புத்தர் சன்னிதியில் படைப்பதற்கென்று கொடுத்த பணியாரங்களைக் கையில் எடுத்துக்கொண்டு இரவில் பைன் மரத் தோப்பு வழியே திரும்பும்போது, முகத்தைத் துணியால் மூடிய இருவர் வழிமறித்தனர். அப்போதே பல ஆண்டுகள் பயின்றிருந்த அவர், அவர்களோடு போரிடாமல் பணியாரங்களைக் கொடுத்துவிட்டு வீடு சேர்ந்தார். பின்னர் இதைத் தம் ஆசாரியர்களான இடோசுவிடமும் அசாடோவிடமும் தெரிவித்தபோது, இடோசு அவரைப் பாராட்டினார். அசாடோவோ, பணியாரம் போய்விட்டதே, சன்னிதியில் எதைப் படைத்தாய் என்று மட்டும் வினவினார். உள்ளன்போடு பிரார்த்தனை செய்தேன் என்று சிஷ்யர் சொல்லவும், கராத்தேயின் உண்மைப் பொருள் உனக்கு இப்போதுதான் புரியத் தொடங்குகிறது என்னும் கருத்துப்பட அந்தக் குரு மகிழ்ந்து பேசினார். அடிக்கத் தெரியாதவன் பணியாரத்தைக் கொடுப்பது பயத்தினால். அடிக்கத் தெரிந்தவன் கொடுப்பது விவேகத்தினால். பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றும். கொடுத்தவனுக்கு மட்டுமே வேற்றுமை தெரியும் என்பதனால்தான் அந்த வலிமையை உள்ளே இருப்பது என்கிறோம்.

இரண்டாவது நிகழ்ச்சி அவர் எண்பது வயதை நெருங்கியிருந்தபோது, இரண்டாவது உலகப்போர் முடிந்து சில காலத்துக்குள் நடந்தது. கவிதைக் கூட்டம் ஒன்றிலிருந்து தனியே திரும்பிய கிழவரை ஒருவன் வழியில் தாக்கிக் குடையைப் பறிக்க முயன்றான். அவர் சட்டென்று தாழ்ந்து அவனைச் செயலற்றுப்போகும்படி மர்ம ஸ்தானத்தில் பிடித்துவிட்டார். அவ்வழியே வந்த போலீஸ்காரரிடம் அவனை ஒப்படைக்கவும் செய்தார். எண்பது வயதில் இப்படிச் செய்ய முடிந்ததே என்று நாம் வியப்போம். அவரோ வெட்கப்பட்டார். போரிலிருந்து திரும்பி வேலையற்று அலைந்து, அந்தக் கணத்து நினைப்பில் கை நீட்டிவிட்ட ஓர் ஏழையாக அவன் இருந்திருக்கக்கூடும் என்று அவர் எண்ணினார். செய்யாதே என்று தம் மாணவர்களுக்கு ஆயுள் முழுதும் கூறிவந்ததையே தாம் செய்துவிட்டதாக வருந்தி எழுதினார். அறுபது ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகும் தம் செயலைத் தாமே நிறுத்துப் பார்த்துக் குறை காணும் அந்த மனம், வெற்றியைக் கொண்டாடும் மனத்தைவிட எவ்வளவோ வலியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

கானோ தம் முதிர்ந்த வயதில் ஜூடோவை மூன்று படிகளாக வகுத்தார். தாக்குதலையும் தற்காப்பையும் கற்பது கீழ்ப்படி. அதனால் உடலையும் உள்ளத்தையும் பண்படுத்துவது நடுப்படி. அவ்வாறு பெற்ற ஆற்றலை வீணாக்காமல் உலகத்துக்குப் பயன்படுத்துவது மேற்படி. ஆற்றலை மிகச் சிறந்த முறையில் செலவிடுதல், தானும் பிறரும் சேர்ந்து நலம் பெறுதல் என்ற இரண்டையும் கொடோகானின் கொள்கைகளாக 1922-இல் பிரகடனம் செய்தார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராகவும், 1909 முதல் சர்வதேச ஒலிம்பிக் சங்கத்தில் ஆசியாவின் முதல் அங்கத்தினராகவும் விளங்கி, கெய்ரோவில் நடந்த அச்சங்கத்தின் கூட்டத்திலிருந்து கப்பலில் திரும்பும் வழியில் 1938 மே மாதத்தில் அவர் உயிர் நீத்தார்.

அவர் மறைந்து இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 1964-இல் தோக்கியோவில் ஜூடோ முதன்முறையாக ஒலிம்பிக் போட்டியாயிற்று. எடை வரம்பில்லாத பிரிவின் இறுதிப் போட்டியில், ஜப்பானின் அகியோ கமினாகாவை எதிர்த்து, ஏறக்குறைய ஆறரை அடி உயரமுள்ள ஹாலந்து நாட்டவரான ஆன்டன் கீசிங்க் நின்றார். தங்கள் கலையில் தங்கள் வீரனே வெல்வான் என்று நம்பியிருந்த ஒரு தேசம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, கீசிங்க் கமினாகாவைத் தரையில் அழுத்திப் பிடித்து வென்றார். சிறியவன் பெரியவனை வெல்லும் கலை என்ற பெருமை அன்று உடைந்தது என்று சிலர் எழுதினர். உள்வலிமை இருந்தால் உடலெடை ஒரு பொருட்டன்று என்று கருதுவது பிழை என்பதை நாமும் ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். சம அளவு தேர்ச்சியுடைய இருவரில் பெரியவனுக்கு அனுகூலம் உண்டு. ஆனால் அந்த மாலையில் நடந்த மற்றொன்றையும் பார்த்தவர்கள் மறக்கவில்லை. வெற்றி அறிவிக்கப்பட்டதும் ஹாலந்து நாட்டு ரசிகர்கள் ஆரவாரத்தோடு மேடையை நோக்கி ஓடிவந்தபோது, கீசிங்க் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்து நிறுத்தினார். தோற்ற எதிராளியோடு முறைப்படி வணங்கி முடிக்கும்வரை அந்தப் பாயில் வேறெவரும் கால் வைக்கக்கூடாது என்பதை, உலகமே தம்மைப் போற்றிய அந்தக் கணத்திலும் அவர் மறக்கவில்லை. கானோவின் கலை அன்று தோற்கவில்லை என்பதற்கு அந்த உயர்த்திய கை போதும்.

வலிமைக்கு வேறொரு வடிவமும் உண்டு. கானோவின் முதல் ஆசிரியரான ஃபுகுடாவின் பேத்தி கெய்கோ ஃபுகுடா 1913-இல் பிறந்தவர். ஐந்தடிக்கும் குறைவான உயரமுள்ளவர். கானோவே அழைத்ததன் பேரில் 1935-இல் கொடோகானின் பெண்கள் பிரிவில் சேர்ந்து, மணம் செய்துகொள்ளாமல் வாழ்நாள் முழுவதையும் ஜூடோவுக்கே அளித்தார். ஜூடோவில் தேர்ச்சிக்கு ஏற்ப அளிக்கப்படும் பட்டப் படிகளில் ஐந்தாம் படிக்கு மேல் பெண்களை உயர்த்தும் வழக்கம் இல்லாமையால், அவரிடம் கற்ற ஆண்கள் உயர உயர, அவர் பல ஆண்டுகள் அதே படியில் நிறுத்தப்பட்டார். வழக்கம் தளர்ந்து ஆறாம் படி கிடைத்தது 1972-இல். பிறகு கொடோகான் 2006-இல் அவருக்கு ஒன்பதாம் படியையும், அமெரிக்க ஜூடோ அமைப்பு 2011-இல் பத்தாம் படியையும் அளித்தன. சான் பிரான்சிஸ்கோவில் தொண்ணூறு வயதுக்கு மேலும் பாயருகே அமர்ந்து பெண்களுக்குக் கற்பித்து வந்த அவர் 2013-இல் காலமானார். அநீதியின் முன்னே கசப்படையாமலும் கலையைக் கைவிடாமலும் அத்தனை ஆண்டு நின்றது, எந்தப் பிடியினும் கடினமான காரியம்.

இவ்வளவும் சொன்னபின், இருண்ட பக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. 1930-களில் ஜப்பானிய ராணுவ ஆட்சியாளர், அஞ்சாமையைக் கற்பிக்கும் இதே கலைகளைப் போர்வெறியை வளர்க்கப் பள்ளிகளில் பயன்படுத்தினர். அந்தக் காரணத்தாலேயே போருக்குப் பின் நேச நாட்டு நிர்வாகம் அவற்றைப் பள்ளிகளில் தடைசெய்தது. ஜூடோ பள்ளிக்குத் திரும்பியது 1950-இல். அதைவிட வேதனையான செய்தி, 1983 முதல் ஏறக்குறைய முப்பதாண்டுக் காலத்தில் அந்நாட்டுப் பள்ளிகளில் ஜூடோ பயிற்சியின்போது நூற்றுக்கு மேற்பட்ட மாணவர் உயிரிழந்தனர் என்பது. தலையில் ஏற்பட்ட காயங்களே பெரும்பாலும் காரணம்; மாண்டவரில் பலர் விழுவதைக்கூட நன்கு பழகாத முதலாண்டு மாணவர். களைத்துத் தள்ளாடும் சிறுவனை, மனவுறுதி வரட்டும் என்று மேலும் மேலும் தூக்கிப் போட்ட ஆசிரியர்கள் உள்வலிமையின் பெயரைச் சொல்லித்தான் அதைச் செய்தார்கள். அது வலிமையைப் பற்றிய அறியாமை. கானோவின் இரண்டாவது கொள்கைக்குச் செய்த துரோகம். பிறரைத் துன்புறுத்தி அவர்களுக்குள் தைரியத்தைத் திணித்துவிட முடியாது. பயம் படிப்படியாக நீங்கும்படி, தாங்கக்கூடிய உயரத்திலிருந்து விழவைத்து, ஒவ்வொரு முறையும் கை கொடுத்து எழுப்பிவிட்டால்தான் அது தானே முளைக்கும்.

நம் ஊர்களிலும் இப்போது கராத்தே, ஜூடோ, குங்ஃபூ கற்பிக்கும் கூடங்கள் தெருவுக்குத் தெரு தோன்றியிருக்கின்றன. பெற்றோர் ஆவலோடு பிள்ளைகளைச் சேர்க்கின்றனர். கலர்க் கச்சைகளையும் சுவரில் மாட்டிய கோப்பைகளையும் பார்த்து ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒரு மாலைப்பொழுது கூடத்தின் ஓரத்தில் அமர்ந்து கவனியுங்கள். புதிதாக வந்த குழந்தைக்கு முதலில் விழக் கற்றுக்கொடுக்கிறாரா, தலையில் அடிபட்டதாகச் சொல்லும் பிள்ளையை உடனே பயிற்சியிலிருந்து நிறுத்தி வைத்தியரிடம் அனுப்புகிறாரா, கூட்டத்தில் மிகவும் மெலிந்த பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறார், வென்ற பிள்ளை தோற்ற பிள்ளையை வணங்காமல் திரும்பினால் அழைத்து வணங்கச் செய்கிறாரா என்று பாருங்கள். இவை அனைத்தும் இருக்குமாயின் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். இல்லையேல், எத்தனை கோப்பைகள் அங்கே மின்னினாலும், பிள்ளையின் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள்.